சென்னை மாகாணத் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டமும் வட ஆற்காட்டுத் தோல் தொழிலும்

சென்னை மாகாணத் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டம், 1922 என்பது தனியார் தொழில்களுக்கு அரசு கடனும் கருவியும் பிற சலுகைகளும் வழங்குவதற்காகச் சென்னை மாகாணச் சட்டசபை இயற்றிய சட்டமாகும். இது 1923ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமாகப் பதிவாகியது. நீதிக்கட்சியின் முதல் அமைச்சரவையில் வளர்ச்சித் துறையை வகித்த கே. வி. ரெட்டி நாயுடுவின் காலத்தில் இச்சட்டம் வந்தது. தொழில் வளர்ச்சியில் அரசு கைகொடுக்கலாமா என்ற நெடுநாள் வாதத்துக்கு இது விடையாக அமைந்தது. அந்த வாதம் சூடேறியதற்கு ஒரு முக்கியக் காரணம் தோல் பதனிடும் தொழில்.

பின்னணி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றுப் பகுதியில் உள்ளன. அன்று இவை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். ஒரு தோல் பதமாகப் பல வாரங்கள் ஆகும். சென்னைத் தரகர்கள் கொடுத்த முன்பணத்தில் சிறு பதனிடுவோர் தொழில் நடத்தினர். சரக்கு சென்னை வழியாக லண்டன் ஏலத்துக்குச் சென்றது. அங்கே விலை இறங்கினால் முன்பணம் கடனாக நின்றுவிடும். புதிய முறையைச் சோதித்துப் பார்க்கும் முதல் அவர்களிடம் இல்லை.

குரோம் பதனிடல் சோதனை

சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903இல் கலைத்தொழில் பள்ளியில் குரோம் உப்பு கொண்டு தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். வாரக்கணக்கில் நடந்த வேலையை இம்முறையில் சில நாள்களில் முடிக்கலாம். இந்தத் தோலுக்கு முதலில் கருதப்பட்ட பயன்களுள் ஒன்று உழவருக்கானது. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைச் சால், குரோம் தோலில் செய்தால் நீரில் நனைந்தும் நீண்ட நாள் உழைத்தது.

அரசே ஆலை நடத்துவதைச் சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். தனியார் வணிகத்தோடு அரசு போட்டியிடுவதாக அவர்கள் முறையிட்டனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, தொழிற்கல்வி தருவதோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். அரசின் குரோம் ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் 1912இல் மைசூர் சென்றார்.

முதல் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. படைவீரர்களின் காலணிகளுக்குச் சென்னைப் பதனிட்ட தோல் பெருமளவில் தேவைப்பட்டது. 1916இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழில் ஆணையத்தில் சாட்டர்டனும் உறுப்பினரானார். தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாகப் பங்கேற்க வேண்டும் என்று 1918இல் அது பரிந்துரைத்தது.

சட்டம்

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி தொழில் துறை மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. 1920 டிசம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் ரெட்டி நாயுடு அத்துறையைப் பெற்றார். புதிய தொழில்களுக்கும் குடிசைத் தொழில்களுக்கும் கடன் தருதல், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தல், பங்கு வாங்குதல், ஆய்வுக்கு மானியம் கொடுத்தல், தவணை முறையில் இயந்திரம் வழங்குதல் ஆகியவற்றுக்குச் சட்டம் வழிவகுத்தது. இவற்றுள் சிறு தொழிலாளிக்கு மிகவும் பொருந்தியது தவணை இயந்திரம். கடனுக்கு ஈடு காட்டச் சொத்து வேண்டும். இயந்திரம் தவணையில் வந்தால் அந்த இயந்திரமே ஈடாகும்.

பிற்கால வளர்ச்சி

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலுக்குப் பதில் முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்யப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. ஆம்பூர் வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பெற்றனர். புதிய இயந்திரம் வாங்க இயலாத சிறிய ஆலைகள் பல, பெரிய நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தோல் பதனிட்டுத் தந்தன.

இந்த வளர்ச்சியின் விலையைப் பாலாறு கொடுத்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் சேர்ந்தது. கவலைச் சாலுக்குக் குரோம் தோல் செய்யத் தொடங்கிய தொழில், முக்கால் நூற்றாண்டுக்குள் கிணற்று நீரையே கெடுத்துவிட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை அது இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசுபடுத்திய ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தனியாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் வைத்திராத ஆலைகள் இயங்க முடியாத நிலை வந்தது.

தனியே நிலையம் கட்டச் சிறிய ஆலைகளுக்கு வசதி இல்லை. மத்திய, மாநில அரசுகளின் மானியத்துடன் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே அவற்றைக் காத்தன.

மதிப்பீடு

சிறு தொழில் தானே புதிய தொழில்நுட்பத்தை எட்டாது, பொதுப்பணம் பாலமாக வேண்டும் என்பது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பின்னுள்ள கருத்தும் அதுவே. முன்னது தொழிலைத் தொடங்குவதற்கான உதவி, பின்னது அத்தொழில் அயலாரின் நீரைக் கெடுக்காமல் நடப்பதற்கான உதவி. இவ்விரண்டுக்கும் இடையே எழுபது ஆண்டுக்கு மேல் இடைவெளி விழுந்ததே பாலாற்றுக் கரை உழவர்களின் இழப்புக்குக் காரணமாயிற்று.