திடீர் வெம்மையும் ஹார்மோன் மருத்துவமும்: காரணத்தை முந்திய சிகிச்சையின் வரலாறு (1816–2024)

ஆய்வுச் சுருக்கம்

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு ஏற்படும் திடீர் வெம்மைக்கான மருந்துகள், அவ்வெம்மையின் உடலியங்கியல் காரணம் அறியப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே மேலை நாடுகளில் பரவிவிட்டன. காரணம் அறியப்படாத இடத்தை மருந்தே நிரப்பியது. வெம்மை பற்றிய கேள்வி இளமை, எலும்பு, இதயம் பற்றிய கேள்விகளுக்குள் மறைந்தது. இப்போக்கினை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாதவிடாய் நிறைவு, திடீர் வெம்மை, ஈஸ்ட்ரோஜன், ஹைப்போதலாமஸ், மருத்துவ வரலாறு

பெயரிடலும் தொடக்க விளக்கங்களும்

மார்பிலும் கழுத்திலும் முகத்திலும் சட்டெனச் சூடு பரவி, வியர்வை பெருகி, சில நிமிடங்களில் குளிர் நடுக்கத்தோடு தணியும் நிலையை மருத்துவர்கள் ‘ஹாட் ஃபிளாஷ்’ என்கின்றனர். இக்கட்டுரை அதனைத் ‘திடீர் வெம்மை’ எனக் குறிக்கிறது. இது வரும் பருவத்திற்குத் தனிப்பெயர் சூட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான். அவர் 1816இல் ஆக்கிய சொல் 1821ஆம் ஆண்டு நூலில் ‘மெனோபாஸ்’ எனச் சுருங்கியது.

இலண்டன் மருத்துவர் எட்வர்ட் ஜான் டில்ட் 1857இல் வெளியிட்ட நூல், ஐந்நூறு பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தியது. மாதந்தோறும் வெளியேறிய குருதி உடலிலேயே தங்குவதால் மிகை தோன்றுகிறது, வியர்வை அம்மிகைக்கு ஒரு வடிகால் என்பது அக்கால மருத்துவரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. எனவே குருதி வடித்தலும் பேதி மருந்தும் நரம்பை அடக்கும் மருந்துகளும் சிகிச்சையாயின. இம்முறைகளை இன்று எள்ளுவது எளிது. ஆயினும் பெண்கள் சொன்னதை எண்ணிக் கணக்கெடுத்த டில்ட்டின் செயல் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பின்வந்த நூறாண்டுகளில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை.

குறைபாடு என்னும் கருத்து

1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பாட்டே, மாதவிடாய்த் துன்பங்களுக்குச் சூலகங்களை அகற்றும் அறுவையைத் தொடங்கினார். இது பல நாடுகளில் பரவியது. சூலகம் இழந்த இளம்பெண்களுக்கு முதியோர்க்குரிய வெம்மை வந்தது கண்டு, சூலகத்திலிருந்து ஏதோவொரு பொருள் சுரக்கிறது என மருத்துவர் ஊகித்தனர். இவ்வகையில் அறுவையின் கேடே அறிவுக்கு வித்தாயிற்று. 1890களில் ஜெர்மானிய, ஆஸ்திரிய மருத்துவர்கள் விலங்குகளின் சூலகத்தை உலர்த்திப் பொடித்து இத்தகைய பெண்களுக்குக் கொடுத்தனர்.

1929இல் ஈஸ்ட்ரோன் தனித்துப் பிரிக்கப்பட்டது. சினையுற்ற குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன்கள் மிகுதி என்பதை அடுத்த ஆண்டே பெர்னார்ட் சோண்டெக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுக்கப்பட்ட ‘பிரெமரின்’ 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. மருந்தை உண்டவர்களுக்கு வெம்மை தணிந்தது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து, ஈஸ்ட்ரோஜன் இன்மையே வெம்மை என்ற முடிவுக்கு மருத்துவம் தாவியது. பூப்பெய்தாச் சிறுமியரின் குருதியிலும் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. அவர்களுக்கு வெம்மை வருவதில்லை. இந்த எளிய முரண் நெடுங்காலம் கவனம் பெறவில்லை. மருந்து வேலை செய்யும்வரை காரணத்தைத் தேடும் அவசரம் எவருக்கும் இல்லை.

1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய ‘ஃபெமினின் ஃபாரெவர்’ பெரும் விற்பனை கண்டது. மாதவிடாய் நிறைவையே நீரிழிவு போன்றதொரு குறைபாட்டு நோயாக அந்நூல் சித்திரித்தது. இதில் வெம்மை ஓர் அறிகுறி மட்டுமே, விற்கப்பட்டது இளமை. அவருடைய ஆய்வு நிறுவனம் மருந்து நிறுவனங்களிடம் நிதி பெற்றதும் பின்னர் வெளிப்பட்டது. 1975 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த இரு கட்டுரைகள், ஈஸ்ட்ரோஜன் உண்டவர்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இடர் 4.5 மடங்கு, 7.6 மடங்கு என மிகுந்திருப்பதைக் காட்டின. கருப்பை உள்ளோர்க்கு புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுப்பது இதன் பின்னரே வழக்கமானது.

அளவையும் சொல்லும்

அதே 1975இல், பரபரப்பு ஏதுமின்றி, ஜார்ஜ் மோல்னார் திடீர் வெம்மையின்போது தோலின் வெப்பத்தையும் உடலின் உள்வெப்பத்தையும் அளந்து வெளியிட்டார். தோல் சூடேறுகிறது, வியர்க்கிறது. அதன்பின் உள்வெப்பம் குறைகிறது. அதாவது பெண் உணரும் வெம்மை, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முயற்சி. டிட்ராய்ட்டில் ராபர்ட் ஃப்ரீட்மன் இதனைத் தொடர்ந்தார். வியர்வையோ நடுக்கமோ இன்றி உடல் தாங்கிக்கொள்ளும் உள்வெப்ப இடைவெளி, வெம்மை வராத பெண்களுக்கு ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் என்றும், வருபவர்களுக்கு அவ்விடைவெளி இல்லையென்றே சொல்லலாம் என்றும் 1999இல் அவரும் உடனாய்வாளரும் காட்டினர். சிறிது சூடேறினாலும் வியர்வை, சிறிது குறைந்தாலும் நடுக்கம். இவ்விரு சாராரின் ஈஸ்ட்ரோஜன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பது இங்கு முதன்மையானது. ஈஸ்ட்ரோஜன் குறைவது வெம்மைக்கு வேண்டிய சூழல். அதுமட்டுமே போதிய காரணம் ஆகாது.

கருவி அளப்பதும் பெண் சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மானிடவியலாளர் மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பெண்களைவிட ஜப்பானியப் பெண்கள் மிகக் குறைவாகவே வெம்மையைக் குறிப்பிட்டனர். அவ்வனுபவத்தை மட்டும் குறிக்கும் தனிச்சொல்லும் ஜப்பானிய மொழியில் இல்லையென அவர் சுட்டினார். சொல் இல்லாததால் உணர்வு குறைந்ததா, உணர்வு குறைந்ததால் சொல் எழவில்லையா என்பது எளிதில் தீரும் வினாவன்று. உணவும் உடலமைப்பும்கூட இதில் பங்கு பெறலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 2004இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களிடமே வெம்மையின் எண்ணிக்கை 57.7 விழுக்காடு குறைந்தது. ஹார்மோன் அதற்கும் மேலாக 75 விழுக்காடு குறைத்தது. ஹார்மோனின் ஆற்றல் இதனால் உறுதியாகிறது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இன்றி எழுதப்பட்ட பழைய ‘குணமானார்’ குறிப்புகளை, குருதி வடித்தல் முதல் சூலகப் பொடி வரை, இவ்வெண்ணை மனத்திற்கொண்டே படிக்க வேண்டும்.

2002: வேறொரு கேள்விக்கான விடை

அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் கூட்டு ஹார்மோன் பிரிவு 16,608 பெண்களைக் கொண்டிருந்தது. 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகள் கடந்த நிலையில், அது இடையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு மிகுந்தது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அதே முடிவை வேறு விதமாகச் சொன்னால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்த நோய் 38 பேருக்கு வந்தது. இரண்டும் உண்மையே, முன்னதே தலைப்பானது.

இவ்வாய்வு வெம்மையைப் பற்றியதே அன்று. ஹார்மோன் முதுமையில் இதய நோயைத் தடுக்குமா என்பதே அதன் முதன்மைக் கேள்வி. பங்கேற்றோரின் சராசரி வயது 63. கடும் வெம்மை உடையோர் சேர்வது ஊக்குவிக்கப்படவில்லை. அவர்களுக்குப் போலி மாத்திரை கிடைத்தால் இடையில் விலகிவிடுவர் என்பதோடு, யார் எதை உண்கிறார் என்பதும் வெளிப்பட்டுவிடும். ஆய்வு முறையியலின்படி இது பொருந்தும். ஆயினும் விளைவைச் சுமந்தோர் அவ்வாய்வில் இல்லாத ஐம்பது வயதுப் பெண்களே. மருந்தெழுதுவது சட்டெனச் சரிந்தது. தொடர்வோர்க்கு மிகக் குறைந்த அளவு, மிகக் குறுகிய காலம் என்பது விதியாயிற்று. வெம்மை எத்தனை காலம் நீடிக்கும் என்பதற்கோ அப்போது உறுதியான கணக்கில்லை. ஓரிரு ஆண்டுகளில் தணியும் என்ற நம்பிக்கையே நிலவியது. பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வு 2015இல்தான், அடிக்கடி வெம்மை வருவோர்க்கு அதன் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள் எனக் காட்டியது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுக்கு அது 10.1 ஆண்டுகள்.

ஹைப்போதலாமஸிலிருந்து வந்த விளக்கம்

காரணம் பற்றிய தெளிவு மருந்துச் சந்தைக்கு வெளியிலிருந்து வந்தது. நயோமி ரான்ஸ் இறந்த பெண்களின் மூளைகளை ஆராய்ந்து, மாதவிடாய் நின்றவர்களின் ஹைப்போதலாமஸில் ஒருசார் நரம்பணுக்கள் பருத்திருப்பதை 1990ஐ ஒட்டி விவரித்தார். அவை நியூரோகைனின் பி என்னும் பொருளை மிகுதியாக ஆக்குவது 1991இல் தெரிந்தது. இனப்பெருக்கச் சுரப்பியல் சார்ந்த இக்கண்டுபிடிப்பு வெப்பச் சீராக்கத்தோடு இணைய இருபது ஆண்டுகள் ஆயின. ஈஸ்ட்ரோஜனின் அடக்கம் நீங்கியதும் இந்நரம்பணுக்கள் மிகையாகக் கிளர்ந்து, அருகிலுள்ள வெப்பச் சீராக்க மையத்தைத் தூண்டுகின்றன என்பது இன்றைய விளக்கம். 2015இல் இலண்டனில் நலமுடைய பெண்களின் குருதிநாளத்தில் நியூரோகைனின் பி செலுத்தப்பட்டபோது அவர்களுக்கும் வெம்மை தோன்றியது. 2017இல் அப்பொருளின் ஏற்பியைத் தடுக்கும் மருந்து வெம்மையைக் குறைத்தது. ஃப்ரீட்மன் அளந்த குறுகிய இடைவெளிக்கு இவ்வாறு ஓர் உறுப்பிடம் கிடைத்தது.

இவ்வழியில் உருவான ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் உண்ணக்கூடாத பெண்களுக்கு, காரணத்தை அறிந்தபின் ஆக்கப்பட்ட மருந்தொன்று வாய்த்தது. அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்னும் உயர்நிலை எச்சரிக்கை 2024 டிசம்பரில் அதனுடன் சேர்க்கப்பட்டது. ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனைகள் போலி மாத்திரையோடு ஒப்பிட்டது 12 வாரங்கள். பங்கேற்றோரைப் பின்தொடர்ந்தது 52 வாரங்கள். ஸ்வான் ஆய்வு கண்ட கால அளவோ 7.4 ஆண்டுகள்.