கால் புள்ளியில் முடியாத வழக்கு

1971 மார்ச் 16 அன்று இரவு, லண்டன் வெம்ப்லியில் பதினைந்தாவது சுற்று முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ், ஜோ பக்னரின் கையைப் பிடித்து உயர்த்தினார். அவர் போட்ட கணக்கில் பக்னருக்கு 73¾, ஹென்றி கூப்பருக்கு 73½. பிரிட்டனில் அன்றைய வழக்கப்படி மேடையில் நிற்கும் நடுவரே புள்ளியும் போடுவார். அவர் சொன்னதுதான் முடிவு. அந்தக் கால் புள்ளியில் பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பிய ஹெவிவெயிட் பட்டங்கள் மூன்றும் கை மாறின. 36 வயது கூப்பர் அத்துடன் ஓய்வு பெற்றார். கிப்ஸுடன் பல ஆண்டுகள் பேசவே இல்லை. தோற்றவர் நாட்டின் செல்லப்பிள்ளையாகி, 2000-ல் 'சர்' பட்டமும் பெற்றார். 21 வயதில் வென்ற பக்னரை அந்த வெற்றிக்காகவே பிரிட்டிஷ் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. பதிவேட்டில் ஜெயித்தவர், புகழில் தோற்றார். குத்துச்சண்டையில் இப்படி நடப்பது விதிவிலக்கு அல்ல. முடிவு ஒரு கணக்கு, புகழ் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அந்த விளையாட்டின் சட்டங்களே உண்டாக்கின. ரசிகர்களின் ஓயாத வாக்குவாதத்தை வெறும் சத்தம் என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைக் கவனிப்பதில்லை.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1743-ல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளிலும், அவற்றுக்குப் பின் வந்த லண்டன் விதிகளிலும் புள்ளிக்கு இடமே கிடையாது. ஒருவர் விழுந்தால் அந்தச் சுற்று முடியும்; குறித்த நேரத்துக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க முடியாதவர் தோற்றவர். சண்டையின் முடிவைத் தோற்றவரின் உடம்பே சொல்லிவிடும். ஆனால் அந்த ஏற்பாடும் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1860 ஏப்ரலில் ஃபார்ன்பரோவில் ஆங்கிலேயர் டாம் சேயர்ஸும் அமெரிக்கர் ஜான் ஹீனனும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள். சேயர்ஸின் வலது கை முடங்கியது, ஹீனனின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்ததால் சண்டை குலைந்தது. கடைசியில் சமம் என்று சொல்லி இருவருக்கும் ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள். மொத்தம் எத்தனை சுற்று என்பதிலேயே ஏடுகள் ஒத்துப்போவதில்லை. 37 என்று ஒன்று சொன்னால் 42 என்கிறது இன்னொன்று. அட்லாண்டிக்கின் இரு கரைப் பத்திரிகைகளும் மாதக்கணக்கில் இதைப் பற்றியே எழுதின.

1867-ல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும், மூன்று நிமிடச் சுற்றையும், பத்து எண்ணும் வழக்கத்தையும் கொண்டுவந்தன. சுற்றுகளுக்கு வரம்பு வைப்பது மெல்ல மெல்ல வழக்கமானது. இதில் ஆபத்து குறைந்தது, கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது: இருவரும் நின்றுகொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டால் ஜெயித்தவர் யார்? அதற்கு யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்குப் பெரும்பாலும் கண்ணே போதும். குத்துச்சண்டையிலோ சாட்சி சொல்பவரே தீர்ப்பும் எழுதுகிறார்.

இந்த அதிகாரத்தின் மேல் அரசாங்கத்துக்கே நம்பிக்கை இல்லாத காலமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1911 முதல் 1917 வரை நடப்பிலிருந்த ஃப்ராலி சட்டம் பத்துச் சுற்றுச் சண்டைக்கு அனுமதி தந்தது, ஆனால் புள்ளி வைத்து முடிவு அறிவிக்கத் தடை போட்டது. தீர்ப்பே இல்லையென்றால் தீர்ப்பை விலைக்கு வாங்கவும் முடியாது, பந்தயச் சூதும் ஒழியும் என்பது கணக்கு. நடந்தது வேறு. மேடையோரம் உட்கார்ந்திருந்த நிருபர்கள் மறுநாள் காலைப் பத்திரிகையில் தங்கள் தீர்ப்பை எழுதினார்கள். பந்தயம் கட்டியவர்கள் எந்தப் பத்திரிகை சொல்வதை ஏற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரே சண்டைக்கு ஒரு பத்திரிகையில் ஒருவர் வென்றார், அடுத்த பத்திரிகையில் மற்றவர் வென்றார். 1914-ல் லைட்வெயிட் பட்டம் வென்ற வேல்ஸ்காரர் ஃப்ரெடி வெல்ஷ் இந்த ஓட்டையை நன்றாகவே பயன்படுத்தினார். நாக் அவுட் ஆகாதவரை பட்டம் போகாது என்பதால், பத்திரிகைகள் தோல்வி என்று எழுதிய சண்டைகளுக்குப் பிறகும் அவர் சாம்பியனாகவே இருந்தார். 1917 மே மாதம் பென்னி லெனார்ட் ஒன்பதாம் சுற்றில் அவரை வீழ்த்தியபோதுதான் பட்டம் கை மாறியது. அதுவரை சட்டப்படி சாம்பியன் ஒருவர், பேச்சில் சாம்பியன் இன்னொருவர்.

நியூயார்க்கில் 1920-ல் வந்த வாக்கர் சட்டம் புள்ளித் தீர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் புகழ் முழுவதும் அச்சிலும் வாய்மொழியிலும் நிலைபெற்றுவிட்டது. ஹாரி கிரெப்பைப் பாருங்கள். ஏறத்தாழ 300 சண்டைகள் போட்டவர். அவற்றில் பாதிக்கு மேல் அதிகாரபூர்வ முடிவே இல்லாதவை. அவர் சண்டையிடும் படச்சுருள் ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. ஆனாலும் உலகின் தலைசிறந்த வீரர்களின் பட்டியல் எதுவானாலும் அதில் கிரெப் பெயர் இருக்கும். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டனியைத் தோற்கடித்த ஒரே மனிதர் அவர் என்பது ஒரு காரணம். ஊர் ஊராக நிருபர்கள் எழுதி வைத்த நூற்றுக்கணக்கான சாட்சியங்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து வரலாற்றாளர்கள் கட்டிய வழக்கு இன்னொரு காரணம். விவாதத்தைக் கழித்துவிட்டால் கிரெப்பின் வாழ்க்கையில் பாதி காணாமல் போகும்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம்: புள்ளிகளில்தான் தகராறு, நாக் அவுட்டில் என்ன தகராறு? 1927 செப்டம்பர் 22-ல் சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன் நடந்த ஜாக் டெம்ப்சி–ஜீன் டனி ஹெவிவெயிட் பட்டச் சண்டை இதற்குப் பதில். ஏழாம் சுற்றில் டனி விழுந்தார். எதிராளியை வீழ்த்தியவர் தொலைவிலுள்ள நடுநிலை மூலைக்குப் போன பிறகே எண்ண வேண்டும் என்பது விதி. டெம்ப்சி பழைய வழக்கப்படி விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்றார். நடுவர் டேவ் பாரி அவரை விரட்டிவிட்டுத் திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒன்பதில் டனி எழுந்தார். தரையில் இருந்தது ஏறக்குறைய பதினான்கு வினாடி. அடுத்த சுற்றில் டெம்ப்சி ஒரு கணம் விழுந்தபோது பாரி எதற்கும் காத்திராமல் எண்ணத் தொடங்கியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. பத்துச் சுற்று முடிவில் டனியே வென்றார். பத்து என்ற எண்ணும் எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்ததே என்று அன்று ஊருக்கே தெரிந்தது. முதல் உலகப் போரில் படையில் சேராமல் தப்பித்தார் என்ற பழியைச் சுமந்த டெம்ப்சி, முன்னாள் மரைன் படை வீரரான டனியிடம் தோற்ற பிறகுதான் மக்களின் நாயகன் ஆனார்.

ரசிகர்கள் பாரபட்சம் பார்ப்பவர்கள், அவர்கள் சொல்லை எப்படி ஆதாரமாகக் கொள்வது என்பது இதைவிட வலுவான மறுப்பு. பாரபட்சம் இருப்பது உண்மைதான். அதனால்தான் ஒருவர் தன் பிரியத்துக்கு எதிராகச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். 1947 டிசம்பர் 5 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ லூயிஸை ஜெர்சி ஜோ வால்காட் இருமுறை தரையில் தள்ளினார். லூயிஸ் அன்றைய அமெரிக்காவில் எல்லோரும் கொண்டாடிய வீரர். வால்காட்டை ஒரு பொருட்டாக யாரும் எண்ணவில்லை. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் வெற்றியை வால்காட்டுக்குத் தந்தார், தீர்ப்பாளர்கள் இருவரும் லூயிஸுக்குத் தந்தார்கள். முடிவைக் கேட்ட கூட்டம் தன் நாயகனின் வெற்றியையே கூச்சலிட்டு எதிர்த்தது. லூயிஸோ முடிவு அறிவிக்கும் முன்பே மேடையைவிட்டு இறங்கப் பார்த்தார். 1993-ல் சான் அன்டோனியோவில் ஹூலியோ சேசார் சாவேஸுக்கும் பெர்னல் விட்டேக்கருக்கும் நடந்த சண்டை 115–115 என்று இரு தீர்ப்பாளர்களின் அட்டையில் சமமாக முடிந்தது. அரங்கில் திரண்டிருந்தவர்கள் பெரும்பாலும் சாவேஸ் ரசிகர்கள். ஆனால் மேடையோர எழுத்தாளர்களில் பெரும்பாலோர் விட்டேக்கரே வென்றார் என்றார்கள். ஒரு பக்கத்துக் கூச்சலை இப்படித்தான் சலித்தெடுக்க முடியும்.

ஆளை நம்பாமல் இயந்திரத்தை நம்பலாமே என்பாரும் உண்டு. அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் ராய் ஜோன்ஸ் விட்ட குத்துகளில் 86 பட்டன. பார்க் சி-ஹுன் விட்டவற்றில் 32. தங்கம் 3–2 என்று பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதை ஜோன்ஸுக்கே கொடுத்து அமைப்பாளர்கள் தங்கள் தீர்ப்பைத் தாங்களே கேலிக்கூத்தாக்கிக்கொண்டார்கள். அதன் விளைவாக 1992 பார்சிலோனாவில் கணினி முறை வந்தது. ஐந்து தீர்ப்பாளர்களில் மூவர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். வயிற்றிலும் விலாவிலும் நெருங்கி நின்று போட்ட குத்துகள் கணக்கில் வராமல் போயின. தொட்டுவிட்டு ஓடுவது லாபமாயிற்று. இயந்திரத்தின் பொத்தானையும் மனிதர்தானே அழுத்துகிறார். 2013-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த ரியோ ஒலிம்பிக் முடிவுகளில் தில்லுமுல்லு நடந்ததை 2021-ல் வெளியான மெக்லாரன் விசாரணை உறுதிப்படுத்தியது. இயந்திரத்தின் பொத்தானையும் மனிதர்தானே அழுத்துகிறார். நமக்கு நெருக்கமான உதாரணம், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு: அரையிறுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட மணிப்பூரின் சரிதா தேவி, வெண்கலத்தைத் தன் கழுத்தில் ஏற்காமல் தன்னை வென்றதாகச் சொல்லப்பட்ட பார்க் ஜி-னாவிடமே கொடுத்தார். அதற்காக ஓராண்டுத் தடையும் அனுபவித்தார்.

இங்கே ரசிகர்களும் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிடிக்காத முடிவெல்லாம் திருட்டு ஆகாது. தொழில்முறைச் சண்டையில் சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்ற சுற்றுக்கும் எதிராளியை நார் நாராகக் கிழித்த சுற்றுக்கும் அதே 10–9தான். ஏழு சுற்றை நூலிழையில் வென்று, ஐந்து சுற்றில் சரமாரியாக அடி வாங்கியவர் 115–113 என்று ஜெயிக்கலாம். பார்த்தவர் மனதில் தங்குவது அந்த ஐந்து சுற்றுதான். போதாக்குறைக்கு, துல்லியமான குத்து, பயன்தரும் முன்னேற்றம், மேடையை ஆளும் திறம், தற்காப்பு என நான்கையும் பார்க்கச் சொல்லும் விதி, எதற்கு எவ்வளவு எடை என்று சொல்வதில்லை. 1987-ல் லாஸ் வேகஸில் ஷுகர் ரே லெனார்ட், மார்வின் ஹாக்லர் சண்டையில் ஒரு தீர்ப்பாளர் லெனார்டுக்கு 118–110 போட்டார், இன்னொருவர் ஹாக்லருக்கு 115–113 போட்டார். லெனார்டின் வேகத்தையும் சுற்று முடியும் தறுவாயில் அவர் பொழிந்த குத்துகளையும் மதிப்பவருக்கு ஒரு விடை. விடாமல் முன்னேறி வந்த ஹாக்லரின் கனத்த குத்துகளை மதிப்பவருக்கு வேறு விடை. இது நேர்மையான கருத்து வேறுபாடு. கூப்பர், பக்னர் கதையும் இந்த வகைதான். சோலில் நடந்தது வேறு வகை. இரண்டையும் ஒரே சொல்லால் வைவோர், உண்மையான மோசடிக்குக் கிடைக்க வேண்டிய கோபத்தைத் தாங்களே நீர்த்துப்போகச் செய்கிறார்கள்.

அப்படியானால் ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பழைய முடிவுகளைத் திருத்தி எழுதலாமா? கூடாது. பட்டமும் பதக்கமும் அன்றிரவு அறிவித்தபடியே நிற்க வேண்டும். இல்லையேல் எந்தச் சண்டைக்கும் முடிவே இருக்காது. புகழுக்கு அந்த அவசரம் இல்லை. நியூயார்க்கின் கனஸ்டோட்டாவிலுள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் யாருக்கு இடம் என்பதை எழுத்தாளர்களும் வரலாற்றாளர்களும் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். வால்காட்டும் விட்டேக்கரும் அங்கே இருப்பதற்கு, தோல்வி என்றும் சமம் என்றும் எழுதப்பட்ட அந்த இரவுகளும் ஒரு காரணம். தீர்ப்பாளர் மூன்று நிமிடத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் எண்ணை எழுத வேண்டியவர். அவர் பார்த்த கோணம் ஒன்றுதான். ரசிகருக்குப் படச்சுருள் இருக்கிறது, காலம் இருக்கிறது, எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறது. இத்தனை வசதி உள்ளவர் எந்தச் சுற்றை, எந்த அளவுகோலால், யாருக்குக் கொடுக்கிறேன் என்று பெயர் சொல்லி வாதிட வேண்டும். அப்படி வாதிட்டால் அவர் பேச்சு வரலாற்றில் சேரும். இல்லாவிட்டால் அவரும் இன்னொரு மோசமான தீர்ப்பாளர், அவ்வளவுதான்.