திருமணி வளர்த்த நோயியல்

செங்கற்பட்டு நகரை அடுத்துத் திருமணி என்னும் சிற்றூர் இருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் செல்வோர் பல்லவர் செதுக்கிய பாறைகளைக் காணும் ஆவலில் கிழக்கே விரைந்துவிடுவர். திருமணியில் இறங்கிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் தொழுநோயைப் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றுள் ஒரு பெரும் பகுதி இவ்வூர் மருத்துவமனையின் படுக்கைகளிலிருந்தும், அங்கே நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளிலிருந்தும் திரட்டப்பட்டது. அவ்வறிவு எவ்வாறு திரண்டது, யார் கையில் இருந்தது, எப்பொழுது அனைவர்க்கும் உரியதாயிற்று என்பதையே இங்குச் சொல்லப்போகிறேன்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-ஆம் ஆண்டில் கண்டார். கண்டாரேயன்றி, அதனைச் சோதனைக்குழாயில் வளர்க்க அவரால் இயலவில்லை; இன்றுவரை எவராலும் இயலவில்லை. காலரா போன்ற பல நோய்களில் கிருமியைத் தட்டில் வளர்த்து, இதுதான் என்று காட்டிவிடலாம். தொழுநோயில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. எனவே நோயாளியின் உடற்குறிகளை ஐயந்திரிபற உறுதி செய்ய வேண்டுமானால், தோலில் ஒரு சிறு துண்டை அறுத்தெடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்திற்குச் சீவி, சாயமேற்றி நோக்க வேண்டும். அவ்வாறு நோக்குபவரே நோயியல் அறிஞர்.

சாயமேற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இக்கிருமியின் மேலுள்ள மெழுகுப் போர்வை மிக மெல்லியது. வழக்கமான கரைப்பான்களில் இட்டால் அழிந்துவிடும். அதைக் காக்க ஃபைட் என்பவர் பெயரால் வழங்கும் முறையில் கடலை எண்ணெய் சேர்க்கிறார்கள். நம் செங்கற்பட்டு மானாவாரி நிலங்களில் விளையும் அதே நிலக்கடலையின் எண்ணெய்தான்!

இந்தத் தகட்டில் காண்பதைச் சரியாகப் படிப்பது வெறும் கல்விப் பொருளன்று. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்து வாழும் ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவைக்க இடந்தந்தது. ஒரு மருத்துவரின் சான்றிதழே அதற்கு ஆதாரம். வெண்படைக்கும் தேமலுக்கும் தொழுநோய்க்கும் வேறுபாடு அறியாத ஒருவர் எழுதிய ஒரு வரி, ஒருவனை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்துவிடக்கூடும். அச்சட்டத்தை நடுவணரசு 2016-இல்தான் நீக்கியது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி தனிநபர் சட்டங்களிலிருந்து 2019-இல்தான் அகன்றது.

திருமணியில் 1924-ஆம் ஆண்டு வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் தொழுநோய் மருத்துவமனை ஒன்று நிறுவப்பட்டது. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மேற்பார்வையில் அது நடந்துவந்தது. 1930-களின் நடுவில் அங்கே வந்து பொறுப்பேற்றவர் ராபர்ட் காக்ரேன். சீன நாட்டில் மருத்துவத் தொண்டு புரிந்த ஒருவரின் மைந்தர் அவர். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்கே மருத்துவர் அஞ்சிய காலத்தில், வெறுங்கையால் நரம்பைத் தடவிப் பார்த்து, தடிப்பை அளந்து, தோல் துண்டை எடுத்து, உடலில் கண்டதையும் தகட்டில் கண்டதையும் அருகருகே எழுதிவைத்தார். இவ்விரண்டையும் இணைத்ததே அவருடைய பெருந்தொண்டு என்பது என் கருத்து. அவரைப் பலரும் மருந்துக்காகவே நினைவுகூர்கிறார்கள்.

அம்மருந்தின் கதையும் சுவையானதே. 1908-இல் செருமனியில் ஆக்கப்பட்ட டாப்சோன் என்னும் வேதிப்பொருள் நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. பின்னர் பசுக்களின் மடிநோய்க்கு அதைக் கொடுத்தனர். மாட்டுக்குக் கொடுத்ததை மனிதருக்கும் கொடுக்கலாமா? காக்ரேன் 1946-இல் அதைக் கடலை எண்ணெயில் கலந்து ஊசிவழியே திருமணி நோயாளருக்குச் செலுத்தினார். ராமானுஜம் முதலான மருத்துவர்களுடன் சேர்ந்து, இரண்டரை ஆண்டுப் பயனை 1949-இல் அறிக்கையாக வெளியிட்டார். மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்லியதும் தகடுகளே. உருக்குலைந்து துண்டுதுண்டாகத் தெரிந்த கிருமிகளே அதற்குச் சாட்சி.

வேலூர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்ற வந்திருந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவரை 1947-இல் திருமணிக்கு அழைத்துச் சென்றவரும் காக்ரேனே. மடங்கிய விரல்களைக் கண்ட பிராண்டு, இதற்கு அறுவை மருத்துவர் எவரும் ஏன் எதுவும் செய்யவில்லை என்று வியந்தார். பின்னாளில் திருமணியில் இறந்த நோயாளியின் உடலை அறுத்து நரம்புகளை நெடுகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒட்டி, நரம்பு தோலுக்கு அருகே ஓடும் இடங்களிலேயே வீக்கம் இருப்பது தெரியவந்தது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே கிருமி நாடுகிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டிற்று. விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. வலியுணர்வு போனதால் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதும் பிராண்டின் ஆய்வினால் விளங்கிற்று. நூற்றாண்டுக் கணக்கான மூடநம்பிக்கையைத் தகர்த்த உண்மை இது.

இவ்வளவும் திரண்ட பின் அறிவு எங்கே சென்றது? காக்ரேன் இங்கிலாந்து திரும்பி, இலண்டனில் தொழுநோய் ஆய்வு மையம் ஒன்றை அமைத்தார். பல நாடுகளில் பணிபுரிந்த மருத்துவர்கள் தம் நோயாளரின் தோல் துண்டுகளை அங்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து கருத்துரைத்ததோடு, ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தொகுப்பாகவும் சேர்த்துவைத்தனர். 1959-இல் காக்ரேன் பதிப்பித்த பெருநூல் இத்தகைய அனுபவத்தின் விளைவே. போற்றத்தக்க முயற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், மாணவர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நோயாளி செங்கற்பட்டில், நூல் இலண்டனில். வெளிநாட்டு விலை கொடுத்து அதை வாங்கும் வசதி சிற்றூர் மருத்துவமனைகளில் எத்தனைக்கு இருந்திருக்கும்? நம் மண்ணில் விளைந்த அறிவை நாமே விலைகொடுத்து மீட்க வேண்டியதாயிற்று.

இங்கேயும் முயற்சி ஓய்ந்துவிடவில்லை. 1955-இல் இந்திய அரசு திருமணி மருத்துவமனையை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. பம்பாயில் நோயியல் அறிஞர் கானோல்கர் நோயின் தொடக்க நிலையில் நரம்பில் நேரும் மாற்றங்களை நுணுகி ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டார். 1966-இல் ரிட்லி, ஜாப்லிங் என்னும் இருவர், தகட்டில் காணும் தோற்றத்தையும் உடலின் எதிர்ப்பாற்றலையும் இணைத்து நோயை ஐந்து வகையாகப் பிரித்தனர். ஒருமுனையில் எதிர்ப்பு வலுத்துக் கிருமி அரிதாயிருக்கும். மறுமுனையில் எதிர்ப்பு அற்றுக் கிருமி கொத்துக்கொத்தாய் நிறைந்திருக்கும். இடையில் மூன்று படிகள். கேட்க எளிது. ஆனால் இடைப்படிகளைப் பிரித்தறியக் கண் பழக வேண்டும். அதற்குப் பல நூறு தகடுகளைப் பார்த்தாக வேண்டும். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சியில் மாணவர் எத்தனை உருவங்களை உற்றுநோக்கிய பின் உளியை எடுப்பர்? அதுபோன்றதே இதுவும். ஒரு மாவட்ட மருத்துவமனையில் தனியே அமர்ந்திருக்கும் நோயியலாளர்க்கு அத்தனை தகடுகளுக்கு எங்கே போவது?

இக்கேள்விக்கு விடை நம் காலத்தில் கணினி வலையின் வழியே வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் நாட் பெர்னிக் 2001-இல் ‘பெதாலஜி அவுட்லைன்ஸ்’ என்னும் வலைத்தள ஏட்டைத் தொடங்கினார். எந்த உறுப்பின் எந்த நோய்க்கும் குறிப்பும் படமும் விலையின்றிக் கிடைக்குமாறு அது அமைந்தது. தொழுநோய்க்கென்றே பன்னாட்டுத் தொழுநோய்ப் பாடநூல் ஒன்று 2016-இல் வலைத்தளத்தில் வெளியாயிற்று. அதன் பதிப்பாசிரியருள் ஒருவரான டேவிட் ஸ்காலர்டு நோயியல் வல்லுநர். பல நாட்டு ஆசிரியர்கள் இயல் இயலாக எழுதிய அந்நூலைப் படிக்கக் கட்டணமில்லை.

தொழுநோய் அருகிவருகிறது. 1980-களில் கூட்டுமருந்துச் சிகிச்சை பரவிய பின் நோயாளர் தொகை வெகுவாகக் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அதனாலேயே இளம் மருத்துவர் பலர் ஒரு தொழுநோய்த் தகட்டைக்கூட நேரில் காணாமல் பட்டம் பெறும் நிலையும் வந்திருக்கிறது. காக்ரேனின் காலத்தில் நோயாளர் மிகுதி, நூல் அரிது. இன்று நூல் கைக்கெட்டும் தொலைவில், நோயாளரே அரிது. பிற தோல்நோய் என்று எண்ணி அனுப்பிய துண்டில், நரம்பைச் சுற்றி உயிரணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டு ஐயுறும் இளைஞர் ஒருவர், இன்று அப்பாடநூலின் நோயியல் இயலைத் திரையில் திறந்து, தம் தகட்டை அதன் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.