மேப் பிறந்த கதை

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் மாணவர்கள் பலர் அர்ரேயின் மேப் மெத்தடைப் புதுச்சரக்கு என்றே நினைக்கிறார்கள். அதன் வயதைக் கேட்டால் மயக்கமே வரும்!

1958-ல் ஜான் மெக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளுக்கு வகைக்கெழு காணும் நிரல் ஒன்றை எழுத முனைந்தார். கூட்டலில் எத்தனை உறுப்புகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலைதான். எனவே பட்டியலோடு சேர்த்து, செய்யவேண்டிய வேலையையும் ஒரு ஃபங்ஷனாகக் கொடுத்துவிட்டார். அதுதான் லிஸ்ப் மொழியின் மேப்லிஸ்ட். அப்படிக் கொடுக்கப்படும் ஃபங்ஷனுக்கு இன்றைய பெயர் கால்பேக்.

1995-ல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டிலும் ஃபங்ஷனை இப்படி அனுப்பலாம். ஆனால் மேப் இல்லை! (அடுப்பு இருந்தது, பாத்திரம்தான் இல்லை.) 2005-ல் ஃபயர்ஃபாக்ஸ் 1.5 அதைத் தந்தது. 2009 டிசம்பரில் எக்மாஸ்கிரிப்ட் 5 தரத்தில் சேர்ந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கோ 2011-ல், 9-ம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை எல்லா உலாவியிலும் ஓடவேண்டிய பக்கங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஃபார் லூப்பையோ ஜேக்வெரி போன்றவற்றையோ நம்பியிருந்தார்கள்.