147573952589676412927: ஓர் எண்ணின் வரலாறு



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகா எண்களைக் கற்பிக்கும்போது, "ஐயா, 91 பகா எண்தானே?" என்னும் வினா தவறாமல் எழும். 7-ஐ 13-ஆல் பெருக்கிக் காட்டியதும் வகுப்பறை அமைதியாகிவிடும். இத்தகைய மயக்கம் அறிஞர்களுக்கும் நேர்ந்ததுண்டு.

பிரெஞ்சு நாட்டுத் துறவியான மாரின் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். 2-ஐ ஓர் அடுக்கிற்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். அடுக்கு 257 வரை செல்லும்போது 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே விடை பகா எண்ணாகும் என்றார் அவர். அடுக்கு 67 எனில் கிடைப்பதே தலைப்பிலுள்ள 21 இலக்க எண்.

இதனால் விளைவது யாது? 6-இன் சிறிய வகுத்திகளான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வரும். இத்தகைய எண்ணை நிறைவெண் என்பர். மெர்சென் வகையைச் சேர்ந்த ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிடு காலத்திலிருந்தே அறியப்பட்ட உண்மை. ஆகவே, பட்டியலில் ஒரு பிழை நேர்ந்தால் ஒரு நிறைவெண்ணும் பொய்யாகும்.

1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்டு லூக்காஸ் தாம் வகுத்த சோதனையால் இவ்வெண் பகு எண்ணே என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் எவை என அவரால் கூற இயலவில்லை. குற்றம் உறுதியாயிற்று, குற்றவாளி அகப்படவில்லை!

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் விடையை அளித்தார்:

193707721 × 761838257287

அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார் என்றும், இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று கூறினார் என்றும் எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதினார். இச்செய்தியைச் செவிவழிக் கதையாகவே கொண்டாலும், பெருக்கலை எவரும் சரிபார்க்கலாம்.

ஆக, இவ்வெண் ஒற்றைப்படை எண், பகு எண், இரண்டே பகா எண்களின் பெருக்கற்பலன். அவ்விரு காரணிகளையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 134 என்பது 67-இன் இருமடங்கு. அடுக்கு 2-ஐ விடப் பெரிய பகா எண்ணாயின், இவ்வகை எண்களின் பகாக் காரணிகள் யாவும் இவ்வாறே அமையும். இவ்விதி தேடலைப் பெரிதும் சுருக்குகிறது.

மெர்சென் 257-இலும் பிழைத்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். பட்டியல் முழுமையாகத் திருத்தம் பெற்றது 1947-இல்தான்.

இன்று கணினி இக்காரணிகளை நொடிப்பொழுதில் கண்டுவிடும். ஆயினும், பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்னும் அதே உண்மையின்மீதுதான், நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களால் இணையப் பரிமாற்றங்கள் பலவும் காக்கப்படுகின்றன.

"விடை மட்டும் போதாது, செய்வழியையும் காட்டு" என மாணவர்களிடம் நாம் வலியுறுத்துகிறோம். மெர்சென் செய்வழியைக் காட்டவில்லை. கோல் காட்டினார். கூறியவர் எத்துணைப் பெரியவராயினும் கணக்கைச் சரிபார்ப்பதே கல்வி.