கோமாலாவின் தீராக் கடன்: ‘பெட்ரோ பராமோ’வை வாசிக்க ஒரு வழி

மாய யதார்த்தவாதத்துக்குள் நுழைய விரும்பும் வாசகருக்கு வழக்கமாகக் கைகாட்டப்படுவது 1967இல் வெளிவந்த மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1955இல், மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ எழுதிய ‘பெட்ரோ பராமோ’விலிருந்து தொடங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. மார்க்வெஸே அதற்குக் கடன்பட்டவர் என்பது மட்டும் காரணமன்று. புனைவுக்குள் மாயம் எதற்கு என்னும் கேள்விக்கு இச்சிறு நாவல் திட்டவட்டமான விடை தருகிறது: இங்கே ஆவிகள், தீர்க்கப்படாத வழக்குகளின் எச்சம்.

இறந்த தாய் டொலோரெஸின் சொற்படி, தந்தை பெட்ரோ பராமோவிடம் தன் உரிமையைக் கேட்க ஹுவான் பிரெசியாதோ கோமாலா என்னும் ஊருக்கு வருகிறான். ஊரை நிறைத்திருப்போர் இறந்தவர்கள். கதை சொல்லும் அவனும் கல்லறைக்குள்ளிருந்தே பேசுகிறான் என்பது பாதி நாவலில் தெரியவருகிறது. இறந்தோர் ஆண்டுதோறும் வீடு திரும்புவர் என்ற மெக்சிகோ மரபைக் காட்டி இதை விளக்குவோர் உண்டு. இறந்தவர் வரக்கூடும் என்பதற்கே அது விளக்கமாகும். இவ்வூரார் ஏன் போக முடியாமல் தவிக்கிறார்கள் என்பதற்கு ஆகாது.

அதற்கான விடை நிலத்திலும் கோயிலிலும் இருக்கிறது. பண்ணையார் பெட்ரோ பராமோ, டொலோரெஸை மணப்பது அவள் குடும்பத்துக்குப் பட்ட கடனை அழிக்கத்தான். நில எல்லைக்காக அவரோடு மல்லுக்கு நின்ற டோரிபியோ அல்ட்ரெடே ஓர் அறையில் தூக்கிலிடப்படுகிறான். அவன் அலறல் அங்கேயே தங்கிவிடுகிறது. பங்குத்தந்தை ரென்தெரியாவின் சகோதரனைக் கொன்றவன் பண்ணையாரின் மகன் மிகேல். பொற்காசுகள் கொடுத்து அவனுக்கு மன்னிப்பு வேண்டப்படுகிறது. தற்கொலை செய்துகொண்ட எதுவிகெஸின் ஆன்மாவுக்காக மன்றாட வந்தவளிடம் காசில்லை, பங்குத்தந்தை கைவிரித்துவிடுகிறார். பின்னர் அவருக்கே பாவமன்னிப்பு தர அண்டை ஊர்க் குரு மறுக்கிறார். நியாயம் வழங்க வேண்டிய இரு வாசல்களும் அடைபட்ட ஊரில், செத்தும் வழக்கு முடிவதில்லை.

இவ்வாசிப்புக்கு அடங்காதவள் சுசானா. அவள் தந்தையைச் சாகடிக்க வழிசெய்து பெட்ரோ அவளை அடைகிறார். அவள் நினைவோ இறந்த கணவனிடமும் கடலிடமும் இருக்கிறது. யாரிடமும் எதையும் கோராத அவளை வாங்க அவரிடம் விலை இல்லை. அவள் சாவுக்கு ஒலித்த மணியைக் கேட்டுக் கூடியவர்கள் அதைத் திருவிழாவாக்கிவிட, பண்ணையார் கைகட்டி அமர்ந்து ஊரைப் பட்டினியில் அழிய விடுகிறார். முடிவில், மனைவியை அடக்கம் செய்யக் காசு கேட்டு வரும் அபுந்தியோ கையால் மாள்கிறார். அவனும் அவர் ஏற்றுக்கொள்ளாத மகன்களில் ஒருவன்.

சுமார் எழுபது துண்டுகள், எண்ணோ தலைப்போ கிடையாது. காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. முதல் வாசிப்பில் குழப்பம் இயல்பே. பேசுவது யார் என்பதை முதல்முறையும், யார் யாருக்கு என்ன கடன்பட்டவர் என்பதை மறுமுறையும் கவனிப்பது பலன் தரும். அவ்வாறு படித்தவர், பின்னர் எந்த மாய யதார்த்தப் படைப்பை எடுத்தாலும் அற்புதத்தை வியப்பதோடு நில்லார். அதற்குப் பின்னுள்ள அநீதி எது என்றும் கேட்பார்.