கரிய கசடும் ஊதாச் சாயமும்

கற்றலே மாணாக்கர்க்குரியது, ஆராய்தல் ஆசிரியர்க்கே உரியது என்னும் எண்ணம் ஒருகாலத்தில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதனை மாற்றியவருள் தலையாயவர் ஜெர்மானியப் பேராசிரியர் லீபிக். 1824ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பதவியேற்ற அவர், மாணாக்கரை ஆய்வுக்கூடத்தில் பழக்கி ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். அவர்தம் மாணாக்கர் ஹாஃப்மன் அம்முறையை இலண்டன் அரச இரசாயனக் கல்லூரிக்குக் கொணர்ந்தார்.

அக்கல்லூரியில் 15 வயதில் சேர்ந்தவர் வில்லியம் பெர்க்கின். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைச் செயற்கையாக ஆக்க இயலுமா என்பது ஆசிரியர் எழுப்பிய வினா. 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், 18 வயதினரான பெர்க்கின் தம் வீட்டிலேயே அதற்கு முயன்றார். கொயினா கிட்டவில்லை. பின்னர் அனிலீனைக் கொண்டு செய்த சோதனையில் கரிய கசடே எஞ்சியது. அதனை அவர் எறிந்துவிடவில்லை, சாராயத்தில் கரைத்தார், ஊதா நிறம் ஒளிர்ந்தது. பட்டைத் தோய்த்தார், சாயம் பற்றியது. செயற்கைச் சாயத் தொழில் அதனின்றும் வளர்ந்தது.

படிப்பைத் துறந்து தொழிலில் இறங்குவதை ஆசிரியர் விரும்பவில்லை. ஆயினும் 1874இல் பெர்க்கின் தொழிலை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்கே மீண்டார். அவ்வேட்கையை ஊட்டியது விடை தெரியாத ஒரு வினாவன்றோ? விடை தெரிந்த சோதனைகளையே நாளும் செய்விக்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.